இரண்டாம் நம்பர் பம்புல கல்லு

பாத்துங்க, காலு, காலு. அந்தச் சாக்குல வெண்கலச் சாமான் இருக்குதுங்க. ஓரமெல்லாம் உடைஞ்சு பல்லுப் பல்லா நிக்குது, பட்டுதுன்னா கிழிச்சுப்போடும். இருங்க, என்ற பக்கம் இழுத்துக்கறேன். ஆச்சு, இப்ப நல்லா உக்காருங்க.

என்னன்னு கேட்டீங்களா? இம்பெல்லருங்க. பம்புக்குள்ள சுத்துமே சக்கரம், அது. இது சுத்துனாத்தான் தண்ணி மேல ஏறும். கோட்ட ஆபீசுல இன்னைக்குப் பதினொரு மணிக்கு ஒரு விசாரணை, அங்க காட்டோணும்னு கொண்டுபோறேன். கண்டக்டரு லக்கேஜ் போடோணும்னு சண்டைக்கு வந்தாரு பாத்தீங்கல்ல? ஆபீஸ் வேலையாப் போறேன்னு சொன்னதுக்கப்பறம்தான் விட்டாரு.

உங்களுக்கு எந்த ஊருங்க? சங்ககிரியா? அப்ப எங்க தண்ணி உங்க ஊருக்கு வராது. நல்லதாப் போச்சு. எங்க தண்ணி குடிக்கறவங்க யாருகிட்டயும் இதைப் பேச முடியறதில்லீங்க. வாயைத் திறந்தாப் போதும், அந்த ஒம்பது நாளைப் பத்தி ஆரம்பிச்சுப்போடறாங்க.

என்ற பேரு சென்னியப்பன். காவிரிக் கரையில நத்தமேடுன்னு ஒரு ஊரு, அங்க குடிநீர்ப் பம்பு ஹவுசுல மெக்கானிக்கு. ஆத்துக்குள்ள கிணறு இறக்கியிருக்குது. அதுல இருந்து தண்ணியை உறிஞ்சி, பதினாலு ஊருக்குத் தள்ளி விடறோம். முப்பத்தோரு வருசமாச்சு. இந்த முப்பத்தோரு வருசத்துல ஒரு மெமோ வாங்கினதில்லீங்க நானு. ஒண்ணு கூட இல்ல. இன்னும் எட்டு மாசத்துல ரிட்டயரு.

விசாரணை எனக்கில்லீங்க, தப்பா நினைச்சுக்காதீங்க. நான் சாட்சி. விசாரணை என்ற மாப்பிள்ளைக்கு. பூபதின்னு பேரு, என்ற ஒரே புள்ள கோகிலாவைக் கட்டினவரு. அங்கயே பம்பு ஆப்பரேட்டரு, ஒப்பந்த வேலை, நான்தான் சேத்துவிட்டேன். இவராலதான் பம்பு கெட்டுச்சுன்னு இன்னைக்கு நான் போயி வாயால சொல்லோணும். சொல்லிட்டா வேலை போயிரும். வேலை மட்டுமில்லீங்க, கவனக்குறைவுன்னு ஒருக்கா எழுதிட்டாங்கன்னா வேற எந்தப் பம்பு ஹவுசுலயும் எடுக்க மாட்டாங்க. நான் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்தது ஏற்கெனவே ஆபீசுல இருக்குது. சொந்த மாப்பிள்ளையாச்சேன்னு நான் பாக்கலீங்க. ஊருக் குடிதண்ணியாச்சே, அதுல யாரு எவருன்னு பாக்க முடியுங்களா?

சொல்லறேன், கேளுங்க. இன்னும் முக்கா மணி நேரம் இருக்குதே.

எனக்குக் காதுதானுங்க எல்லாம். மத்த மெக்கானிக்கு மீட்டரைப் பாப்பான், அழுத்தம் காட்டற கேஜைப் பாப்பான். நான் ஒரு முழ நீளத்துக்குத் திருப்புளி வெச்சிருக்கேன். முனையைப் பம்பு மேல வெச்சு, பிடியைக் காதுல அண்டக் குடுத்தேன்னா, உள்ள நடக்கறது அத்தனையும் கேக்கும். பேரிங் காய்ஞ்சிருக்குதா, சக்கரம் மாட்டியிருக்கற சாப்ட்டுத் தண்டு வளைஞ்சிருக்குதா, கழட்டறதுக்கு முன்னாலயே சொல்லிப்போடுவேன். பெரிய என்ஜினியருங்களே, சென்னியப்பன் காது வெச்சுப் பாத்தாச்சான்னு கேட்டுட்டுத்தான் பைல்ல எழுதுவாங்க. பக்கத்து ஊரு ரைஸ் மில்லுக்காரரு காரு அனுப்பிச்சு என்னைக் கூட்டிட்டுப் போவாரு. சரி, அது கெடக்குது.

போன பங்குனியில ஆத்துல தண்ணி குறைஞ்சு போச்சு. கிணத்துல எப்பவும் நாலாள் ஆழம் நிக்கும், ரெண்டாளுக்கு வந்துருச்சு. அப்பத்தான் ரெண்டாம் நம்பர் பம்புல அந்தச் சத்தம். முதல்ல சோளம் பொரியறாப்பல லேசா இருந்துச்சு. திருப்புளியை வெச்சுக் கேட்டேன். கேட்ட உடனே தெரிஞ்சு போச்சுங்க. கல்லு. பொடிக் கல்லு, கூழாங்கல்லு, நூறு இருநூறு உள்ள போயி உருளுது. அதுல சந்தேகமே இல்ல. நீங்க கேட்டிருந்தாலும் கல்லுன்னுதான் சொல்லியிருப்பீங்க. யாரு கேட்டாலும் சொல்லுவாங்க.

கல்லு எப்படி உள்ள போகும்? உறிஞ்சற குழாய் இருக்குதுங்களே, அதோட அடியில ஓட்டை போட்ட கூடையாட்ட ஒண்ணு மாட்டியிருக்கும். குப்பை கூளம் உள்ள போகாம இருக்கறதுக்கு. மாசத்துக்கு ஒருக்கா அதைத் தூக்கிக் கழுவி மாட்டறது ஆப்பரேட்டர் வேலை. போன தடவை கழுவினது பூபதி. "மாப்ள, கூடையைச் சரியா மாட்டுனீங்களா?"ன்னு கேட்டேன். "மாட்டினேனுங்க மாமா"ன்னாரு. "போல்ட்டு நாலும் போட்டீங்களா?" "நாலும் போட்டேனுங்க." நானும் விட்டுட்டேன். மாப்பிள்ளைகிட்ட அதுக்கு மேல கேக்க முடியாதுங்களே.

ஆனா காதுல கேக்குது பாருங்க. பொய்யா சொல்லும்?

அதனால நான் ஒரு ஏற்பாடு பண்ணினேன். சன்னலுக்கு அடிக்கற கொசுவலைக் கம்பி இருக்குதுங்கல்ல, அதை வாங்கிட்டு வந்து அந்தக் கூடையைச் சுத்திக் கட்டிவிட்டேன். கூடை ஓட்டையில நுழையற கல்லு கூட இதுல நுழையாது. ஒண்ணாம் நம்பர் பம்புலயும் லேசாச் சத்தம் வந்துட்டிருந்துச்சு, அதுக்கும் கட்டினேன். ஆபீசுல கேட்டுட்டா செஞ்சேன்? இல்லீங்க. ஒவ்வொண்ணுக்கும் லெட்டர் போட்டுட்டு உக்காந்திருந்தா பதினாலு ஊரும் காயும்.

கட்டினதுக்கப்பறம் சத்தம் குறையோணுமா இல்லீங்களா? எச்சாச்சு. நான் யோசிச்சேன். ஏற்கெனவே உள்ள போன கல்லு வெளிய போக வழியில்லாம உள்ளயே சுத்துது, அதான் சத்தம்னு முடிவு பண்ணினேன். பத்து நாள் பொறுத்தேன், குறையலை. ரெண்டாவது சுத்து வலை கட்டினேன். அப்பறம் இன்னொண்ணும் பண்ணினேன், இது யாருக்கும் தோணாது. உறிஞ்சற பக்கத்து வால்வை முக்கால்வாசி மூடி வெச்சேன். தண்ணி மெதுவா வந்தா கல்லு அடியில தங்கிப்போகும்ல? வாய்க்கால்ல பாத்திருப்பீங்க, தண்ணி நின்னு போற இடத்துலதான் மணல் தங்கும். அந்தக் கணக்கு. நல்ல கணக்குத்தானுங்க. இப்பவும் சொல்லுவேன், கணக்கு நல்ல கணக்குத்தான்.

ஆனா அதுக்கப்பறம் சத்தம்னா சத்தம் அப்படியொரு சத்தம். ஜல்லி மிசின் பக்கத்துல நின்னிருக்கீங்களா? அதுதான். பம்பு ஹவுசே அதிருச்சு. டீ டம்ளரைச் சன்னல் கட்டையில வெச்சா நகந்துட்டே போயிக் கீழ விழும். இந்தக் கூத்துல ஒண்ணாம் நம்பர் மோட்டாரும் காயில் எரிஞ்சு போச்சு, கட்டறதுக்கு அனுப்பிச்சோம். அது வேற விசயம், பழைய மோட்டாரு. ஆனா அப்பறம் ரெண்டாம் நம்பர் ஒண்ணுதான் ஓடுது, பதினாலு ஊருக்கும்.

பூபதி அப்பவே சொன்னாருங்க. சொன்னதை நான் மறைக்கலை. "மாமா, பம்பு மூச்சுத் திணறுதுங்க. உறிஞ்சற பக்கத்துக் கேஜைப் பாருங்க, முள்ளு எங்க நிக்குதுன்னு. வலையை எடுத்துப் பாக்கலாம். தள்ளற பக்கம் வேண்ணா வால்வைக் கொஞ்சம் குறைக்கலாம்"னாரு. மணிக்கு ஒருக்கா அந்த முள்ளு எங்க நிக்குதுன்னு லாக் புக்குல எழுதி வெச்சிருக்காரு, பக்கம் பக்கமா. நான் சிரிச்சுட்டேன். "மாப்ள, முள்ளைப் பாத்துப் பம்பு ஓட்டறதுக்கு நான் எதுக்கு?"ன்னேன். அங்க எலெக்ட்ரீசியன் ரெண்டு பேரு நின்னுட்டிருந்தாங்க, அவங்களும் சிரிச்சாங்க. மாப்பிள்ளை மறுபடியும் லாக் புக்கைத் திறந்து, முள்ளு நிக்கற இடத்தை எழுதினாரு.

அப்பறம் சித்திரை பொறந்து ஒரு நாளு, சாயங்காலம் நாலு மணிக்கு நான் உள்ள வர்றேன், சத்தமே இல்ல. பழையபடி லேசாப் பொரியற சத்தம் மட்டும் கேக்குது. எனக்கு முதல்ல சந்தோசமாத்தான் இருந்துச்சு. பாத்தா, இவரு தலையெல்லாம் ஈரமா நிக்கறாரு. "என்ன மாப்ள?" "கிணத்துல இறங்கி வலையைக் கழட்டிட்டேனுங்க மாமா. வால்வையும் முழுசாத் திறந்துட்டேன். கேட்டுப் பாருங்க."

ரெண்டாள் ஆழத்துல முங்கி, என்னைக் கேக்காம, நான் கட்டினதைக் கழட்டியிருக்காரு. எனக்கு எப்படி இருக்கும்? சொல்லுங்க. அன்னைக்குத்தானுங்க முதமுதலா அவரை நீன்னு பேசினேன். கோகிலாவுக்குக் கல்யாணமாகி அஞ்சு வருசமாச்சு, வாங்க போங்கன்னுதான் கூப்பிடுவேன், எங்க பக்கத்துல மாப்பிள்ளையை அப்படித்தான் பேசறது. அன்னைக்கு, "நீ யாருடா எனக்குச் சொல்றதுக்கு, நான் சேத்துவிட்ட நாயி"ன்னு வந்துருச்சு. வந்துருச்சுங்க வாயில. எலெக்ட்ரீசியங்க அப்பவும் நின்னுட்டுத்தான் இருந்தாங்க.

எனக்கு என்ன தோணுச்சுன்னா, இவரு இறங்கினது வலையைக் கழட்டறதுக்கு இல்ல, கல்லை எடுக்கறதுக்கு. பம்பை நிறுத்தி, உள்ள கிடந்த கல்லை எல்லாம் எடுத்து ஆத்துல வீசிட்டு, பழியை வலை மேல போடறாரு. அதான் சத்தம் நின்னுச்சு. எனக்கு அது அவ்வளவு தெளிவாத் தெரிஞ்சுது. மறுநாளே நானே ஆளை வெச்சு இறக்கி, மூணு சுத்து வலை கட்டி, கட்டுக்கம்பி போட்டுக் குறடுல முறுக்கிவிட்டேன். இனி யாரும் கையால கழட்ட முடியாது. வால்வையும் பழையபடி மூடினேன், அதுக்கு ஒரு பூட்டும் போட்டேன்.

சத்தமா? வந்துச்சுங்க. கட்டின அன்னைக்கே வந்துச்சு.

வைகாசி மூணாந்தேதி காலையில பம்பு நின்னு போச்சு. நின்னுச்சுன்னா சும்மா இல்ல, சக்கரத்துல ஒரு இதழ் ஒடிஞ்சு, சாப்ட்டுத் தண்டு முறிஞ்சு, பேரிங் சிதறி. கழட்டிப் பாத்தா இந்தக் கோலம். சாக்கு வாயைத் திறக்கறேன், நீங்களே பாருங்க. கையை வெச்சுப் பாருங்க, மெதுவா. தண்ணி உள்ள நுழையற வாய் இருக்குதுல்ல, அதை ஒட்டி ஒவ்வொரு இதழுக்கும் பின்னால, பாருங்க, பொத்தல் பொத்தலா. கரையான் தின்ன மரமாட்ட. இங்க விரல் அந்தப் பக்கம் போகுது. விரல்கடை தடிமனா இருந்த வெண்கலமுங்க இது.

மணல் தேய்ச்ச இம்பெல்லர் நான் எத்தனையோ பாத்திருக்கேன். அது வழவழன்னு தேஞ்சிருக்கும், ஓரம் பிளேடு மாதிரி ஆயிரும். கல்லு அடிச்சா நசுங்கியிருக்கும். இது ரெண்டும் இல்ல, இல்லீங்களா? எனக்கும் அது தெரியுது. இது வேற மாதிரிக் கல்லா இருக்கும்னு நினைச்சுக்கிட்டேன்.

ஒரு கல்லு கூட உள்ள இல்லீங்க. ஒண்ணு கூட. பம்போட அடி வரைக்கும் கையை விட்டுத் துழாவினேன், குழாயைத் தட்டிப் பாத்தேன், ஒரு கைப்பிடி மணல் இல்ல. அதைத்தான் நான் ரிப்போர்ட்டுல எழுதினேன். கல்லு இருந்த சத்தம் ரெண்டு மாசமாக் கேட்டிருக்குது, கழட்டறப்ப கல்லு இல்ல, ஆகவே பணியில இருந்த ஆப்பரேட்டர் கல்லை அப்புறப்படுத்திவிட்டார் என்று தெரிகிறது. அப்படின்னு. ஆபீசுல அதைப் படிச்ச கிளார்க்கு, "நல்லா எழுதியிருக்கீங்கண்ணா"ன்னாரு.

அப்பறம் ஒம்பது நாள். ஒண்ணாம் நம்பர் மோட்டாரு இன்னும் வரலை, ரெண்டாம் நம்பர் உடைஞ்சு கிடக்குது. வைகாசி வெயில்ல பதினாலு ஊருக்கும் தண்ணி இல்ல. லாரித் தண்ணிக்கு அடிதடி. ஆறாம் நாளு நூறு நூத்தைம்பது பேரு குடத்தோட பம்பு ஹவுசுக்கே வந்துட்டாங்க. கல்லைப் போட்டவன் எங்கன்னு கேட்டுட்டு வந்தாங்க. கல்லு விசயம் எப்படி அவங்களுக்குத் தெரிஞ்சுதுன்னா, டீக்கடையில நான்தான் நாலு பேருகிட்டச் சொல்லியிருந்தேன். கேட்டாங்க, சொன்னேன். கேட் பக்கத்துல பூபதி நின்னாரு. ஒரு பொம்பளை சில்வர் குடத்தை வீசினா, புருவத்துல பட்டு நாலு தையல். கையெடுத்துக் கும்பிட்டுட்டே நின்னாருன்னு சொல்றாங்க. நான் பாக்கலை. உள்ள பேரிங் கழட்டிட்டிருந்தேன், கை வேலையா இருந்துச்சு. கதவைச் சாத்தியிருந்தேனுங்க.

கோகிலா அன்னைக்கு அப்பறம் எங்க வீட்டுப் படி ஏறலை. என்ற சம்சாரம் ருக்மணி சோத்தைப் போட்டு வெச்சுட்டு அக்கட்டப் போயிருவா. பேசறதில்ல. நான் என்னங்க பண்ணினேன்? நான் பம்பைக் காப்பாத்தத்தானே பாத்தேன்?

அப்பத்தான் புது ஏ.ஈ., உதவி என்ஜினியரு, வந்தாங்க, தேன்மொழின்னு ஒரு அம்மா. என்ற கோகிலா வயசுதான் இருக்கும். இந்தச் சக்கரத்தைக் கையில எடுத்தாங்க, கண்ணாடியைக் கழட்டிட்டுப் பக்கத்துல வெச்சுப் பாத்தாங்க. ஒரு நிமிசம் கூட ஆகலை. "இது கல் இல்லீங்க சென்னியப்பன். குமிழி"ன்னாங்க. கேவிட்டேசன்னு ஒரு பேரு சொன்னாங்க.

என்னன்னா, பம்பு உறிஞ்சற இடத்துல தண்ணி தாராளமா வரோணுமாம். வர்ற வழி அடைச்சிருந்துச்சுன்னா, இல்ல தண்ணி ரொம்பக் கீழ இருந்துச்சுன்னா, அந்த இடத்துல அழுத்தம் குறைஞ்சு போயி, சூடே இல்லாம பச்சைத் தண்ணி கொதிக்குமாம். கொதிச்சுக் குமிழி குமிழியா வருமாம். அந்தக் குமிழி இம்பெல்லருக்குள்ள போயி, அழுத்தம் அதிகமான இடத்துக்கு வந்த உடனே சுருங்கி நொறுங்குமாம். நொறுங்கற இடத்துல வெண்கலத்து மேல ஒரு அடி விழுமாம், ஊசி முனை அளவுக்கு, சுத்தியல்ல அடிச்சாப்பல. ஒரு நிமிசத்துக்கு லட்சம் அடி. அந்த அடிச் சத்தம்தான் கல்லு உருள்ற மாதிரி கேக்குமாம். "அனுபவம் உள்ளவங்களே கல்லுன்னுதான் நினைப்பாங்க, உங்க மேல தப்பில்ல"ன்னாங்க.

நான் சிரிச்சேன். "ஏனுங்கம்மா, குழந்தைங்க ஊதி விளையாடற குமிழி வெண்கலத்தைத் தின்னுமா?"ன்னேன். அந்தம்மா கோவிக்கலை. முதலுதவிப் பெட்டியில இருந்து ஊசி போடற சிரிஞ்சு ஒண்ணு எடுத்து, ஊசியைக் கழட்டிட்டு, வெதுவெதுன்னு இருந்த தண்ணியைக் கொஞ்சம் உறிஞ்சினாங்க. காத்தை எல்லாம் வெளிய தள்ளிட்டு, சிரிஞ்சோட மூக்கை விரலால அடைச்சுட்டு, பிடியைப் பின்னால இழுத்தாங்க. தண்ணி பொங்குச்சுங்க. அடுப்பு இல்ல, நெருப்பு இல்ல, குமிழி குமிழியாப் பொங்குச்சு. விட்ட உடனே டக்குன்னு காணாமப் போச்சு. "எங்கயோ காத்துப் புகுந்திருக்கும்"னு சொல்லிட்டு நான் நகந்துட்டேன்.

அன்னைக்கு வீட்டுக்குப் போயி, பேரனுக்கு மருந்து குடுக்கற சிரிஞ்சு ஒண்ணு கிடந்துச்சு, குளியலறையில தாப்பாப் போட்டுட்டு நானும் பண்ணிப் பாத்தேன். நாலு தடவை. நாலு தடவையும் பொங்குச்சு.

மறுநாளு அந்தம்மா அந்த உறிஞ்சற குழாயைச் சங்கிலி போட்டு மேல தூக்கச் சொன்னாங்க. மூணு சுத்து வலையும் வெளிய வந்துச்சு. பாசி, இலை, பாலித்தீன், எல்லாம் அப்பிப்போயி, வலைங்கறதே தெரியலை. தோல் போத்தின மாதிரி இருந்துச்சு. எல்லாரும் சுத்தி நிக்கறோம். "இதை யார் கட்டினது?"ன்னு கேட்டாங்க.

நான் சொல்லத்தானுங்க வாயைத் திறந்தேன். சத்தியமாச் சொல்லறேன், வாயைத் திறந்தேன். அதுக்குள்ள பூபதி, "நான்தானுங்க மேடம்"னுட்டாரு. புருவத்துல கட்டோட நின்னுட்டு, என்னைப் பாக்காம, அந்த வலையைப் பாத்துச் சொன்னாரு. "மெக்கானிக் சாருக்குத் தெரியாமக் கட்டிட்டேன்"னாரு. அவரு முந்திக்கிட்டா நான் என்னங்க பண்றது? எலெக்ட்ரீசியங்க ரெண்டு பேரும் தலையைக் குனிஞ்சுட்டாங்க. அந்தம்மா என்னைப் பாத்தாங்க, ரொம்ப நேரம் பாத்தாங்க. "அப்படிங்களா?"ன்னு கேட்டாங்க. நான் ஒண்ணும் சொல்லலை. ஒண்ணும் சொல்லலைன்னா பொய் சொன்னதா ஆகுமா?

லாக் புக்கைக் கேட்டாங்க. சித்திரை மாசத்துல ஒரு பக்கம் கிழிச்சிருந்துச்சு. யாரு கிழிச்சதுன்னா அதுக்கும் "நான்தான்"னாரு. அதுல என்ன எழுதியிருந்துச்சுன்னு எனக்குத் தெரியுமுங்க. அவரு கிணத்துல முங்கின நாளோட பக்கம் அது. வலையை எடுத்த பின் சத்தம் இல்லை, கேஜ் பழைய நிலைக்கு வந்துவிட்டது, மெக்கானிக் மறுபடி வலை கட்டச் சொன்னார். அவரு எழுத்து முத்து முத்தா இருக்கும். நான் அதைப் படிச்சிருந்தேன்.

நேத்து ராத்திரி கோகிலா போன் பண்ணினா. ரெண்டு மாசத்துக்கப்பறம் முதமுதலா. "அப்பா, அவரு எல்லாத்துக்கும் ஒத்துக்கிட்டுக் கையெழுத்துப் போட்டுக் குடுத்தர்றேன்னு சொல்லிட்டாரு. உங்களுக்கு எட்டு மாசம்தான் இருக்குது, இந்த வயசுல உங்க பேரு கெடக்கூடாதுங்கறாரு. நீங்க நிம்மதியா இருங்க"ன்னா. நிம்மதியா இருங்கன்னு சொல்றப்பவே அழுதா. நான் என்ன சொன்னேன்னு கேளுங்க. "அப்ப இப்பவாவது தப்பை ஒத்துக்கிட்டாரே"ன்னேன். போனை வெச்சுட்டா.

அப்படித்தான் சொன்னேனுங்க. புள்ளைகிட்ட.

என்னங்க கேட்டீங்க? இல்ல, இல்ல, கேட்டது புரிஞ்சுது. ஒண்ணாம் நம்பர் பம்பு இப்ப எப்படி ஓடுதுன்னுதானே? நீங்க யோசனைக்காரருங்க. ரெண்டாம் நம்பருக்குப் புதுச் சக்கரம் போட்டாச்சு, அது சத்தமில்லாம ஓடறது பெரிசில்ல, புதுசு. ஒண்ணாம் நம்பருக்கு மோட்டாரைத்தான் கட்டி வந்தோம், பம்புக்குள்ள அதே பழைய சக்கரம்தான். வலையை மட்டும்தான் எடுத்தாங்க. வேற ஒண்ணுமே பண்ணலை. போன வெள்ளிக்கிழமை யாரும் இல்லாத நேரமாப் பாத்து, திருப்புளியை வெச்சுக் கேட்டேன். பம்பைச் சுத்தி எல்லா இடத்துலயும் வெச்சேன். ஒரு பொரியற சத்தம் கூட இல்லீங்க. தண்ணி போற சத்தம் மட்டும்தான்.

இதை இதுவரைக்கும் யாருகிட்டயும் சொல்லலை. உங்களைத் திரும்பப் பாக்கப் போறதில்லைன்னுதான் உங்ககிட்டச் சொல்றேன்.

பத்து நாளா மார்ல கல்லு வெச்ச மாதிரி இருக்குது. நான் நல்லவன்தானுங்க. யாருக்கும் கெட்டது நினைச்சதில்ல. போயி, அந்தம்மாகிட்ட, வலையைக் கட்டினது நான்தானுங்க, மாப்பிள்ளை வேண்டாம்னு சொல்லச் சொல்லக் கட்டினேன், கழட்டினதை மறுபடியும் கட்டினேன்னு சொன்னா முடிஞ்சுது. ஒரு நிமிசம் ஆகுமா சொல்றதுக்கு? அவரு வேலை தப்பிச்சுரும். எனக்குச் சஸ்பெண்டு. முப்பத்தோரு வருசம் காது வெச்சுக் கேட்டவனுக்குக் கல்லுக்கும் குமிழிக்கும் வித்தியாசம் தெரியலைன்னு ஊரு சிரிக்கும். அந்த ரைஸ் மில்லுக்காரரு சிரிப்பாரு. எலெக்ட்ரீசியங்களுக்கு ஏற்கெனவே தெரியும். சிரிச்சா என்ன, சிரிச்சுட்டுப் போறாங்கன்னு வீட்டுல இருந்து கிளம்பறப்ப நினைச்சேன். நேரா அந்தம்மாகிட்டப் போயிச் சொல்லிப்போடறதுன்னு முடிவு பண்ணித்தான் பஸ் ஏறினேன். நிஜமாத்தானுங்க. உங்ககிட்ட ஆரம்பிக்கறப்ப வேற மாதிரிதான் சொன்னேன், இல்ல? அது வாய் பழகிப் போச்சு.

மணி என்னங்க? பத்தே முக்காலா? ரயில்வே கேட்டைத் தாண்டியாச்சு. அடுத்தது பழைய தியேட்டரு ஸ்டாப்பு, கோட்ட ஆபீசு அதுக்கு நேர் எதிர்லதான். அந்தா பாருங்க, ஸ்டாப்புல வெள்ளைச் சட்டை போட்டுட்டு ஒருத்தரு நிக்கறாரு. பூபதி. நான் தனியா வருவேன்னு கூட்டிட்டுப் போக வந்து நிக்கறாருங்க. ஒவ்வொரு சன்னலாப் பாத்துட்டு வர்றாரு.

நீங்க கொஞ்சம் முன்னால சாய்ஞ்சு உக்காருங்களேன். என்னை மறைச்சாப்பல. இன்னும் கொஞ்சம்.

இல்லீங்க கண்டக்டரு, நான் இங்க இறங்கலை. போலாம், ரைட் சொல்லுங்க. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வர்றேன், எச்சா எவ்வளவோ குடுத்தர்றேன்.

பஸ் ஸ்டாண்டுல இருந்து திரும்பி வர்றதுக்கு அரை மணி நேரமாவது ஆகுமுங்க. மெக்கானிக் வரலைன்னு எழுதிட்டு அவங்க ஆரம்பிச்சுப்போடுவாங்க. அதுக்குள்ள மாப்பிள்ளை கையெழுத்துப் போட்டிருப்பாருங்க.